மீன்பிடித் தடைக்காலத்தில் இன்போர்டு டீசல் எஞ்சின்: கூலிங் லைனை வடித்து வைப்பதா, நிரப்பி வைப்பதா?

#1 ரஸ்தா மோட்டார்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கும். கோட்டைப்பட்டினத்தில் ரெண்டு எஞ்சினைப் பத்திரமாகக் கிடப்பில் போடும் வேலை வந்திருக்கு.

முதலாவது விசைப்படகு. 6 சிலிண்டர். உள்ளே நல்ல தண்ணி, வெளியே கடல் தண்ணி, நடுவில் சூட்டைக் கடத்த ஹீட் எக்ஸ்சேஞ்சர். கடல் தண்ணியை இழுக்க ரப்பர் இம்பெல்லர் (இதழ்ச் சக்கரம்) பம்ப். புகைக்குழாய் காய்ந்த வகை. படகு தண்ணியிலேயே கட்டியிருக்கும்.

ரெண்டாவது சின்னப் பாய்மரப் படகு. 2 சிலிண்டர் இன்போர்டு டீசல், ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிடையாது, கடல் தண்ணியே நேராக பிளாக்குக்குள் ஓடும். புகையோடு தண்ணியும் சேர்ந்து வெளியே போகும் ஈரப் புகைக்குழாய். இதைக் கரையேற்றி காரைக்குடிப் பக்கம் ஷெட்டில் வைக்கப் போகிறார்கள். இதன் கையேட்டில் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது பற்றி ஒரு அத்தியாயமே இருக்கு: வடி, கழுவு, உறையாத் திரவம் ஊற்று, இம்பெல்லரைக் கழற்று என்று. நம்ம ஊரில் தண்ணி எங்கே உறையப் போகுது? அதில் எதை எடுத்துக்கணும், எதை விடலாம்? ஓனர் "வடிச்சு விட்டுட்டா போதும்"கிறார்.

#2 கோட்டைக்கரை

ஓனர் சொல்றது சரிதான் தம்பி. சீகாக்கை (கடல் தண்ணி உள்ளே வர்ற வால்வு) மூடு, வடிகால் காக்கைத் திற, ஓடுறது ஓடட்டும். வாரத்துக்கு ஒரு தடவை 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டா பேட்டரியும் நிக்கும், எஞ்சினும் இறுகாது. கரையில பாதிப் பேர் இதைத்தான் செய்றாங்க.

#3 அரிப்பியல்

பாதிப் பேர் செய்வது உண்மை. ஜூன் 15 காலையில் பாதிப் படகில் பம்ப் ஒழுகுவதும் உண்மை.

கழுவாமல் வடித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. வடித்த பிறகும் சுவரெல்லாம் ஒரு படலம் ஒட்டியிருக்கும். மூலைகளில், குழாய் வளைவுகளில் சின்னச் சின்னக் குட்டைகள் நிற்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். காய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று தோன்றும். ஆனால் சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். கடற்கரையில் ஒவ்வொரு இரவும் அந்த உப்பு நனையும், பகலில் காயும். செறிந்த உப்புக் கரைசல், தாராளமான ஆக்சிஜன், 35 டிகிரிக்கு மேல் வெப்பம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இரும்பு அரிக்க வேறெதுவும் வேண்டாம்.

வடிக்காமல் கடல்நீரையே நிறுத்தி வைத்தால் வேறு கேடு. தேங்கிய நீரில் சில நாளில் ஆக்சிஜன் தீரும். அதற்குப் பிறகு சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா கிளம்பி ஹைட்ரஜன் சல்பைடு விடும். எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியை (எண்ட் கேப்) திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குப்ரோ நிக்கல் (செம்பு நிக்கல் கலவை) குழாய்களைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம். சல்பைடு அந்தப் படலத்தைக் கெடுத்து ஊசி ஊசியாகக் குழி விழ வைக்கும். புதுக் குழாய்க் கட்டு போட்ட வருடம் இது நேர்ந்தால் இன்னும் மோசம், படலம் முழுதாகப் படியவே பல வாரம் ஆகும்.

ஆகவே வடிப்பதா நிரப்புவதா என்பது இரண்டாம் கேள்வி. முதலில் உப்பு வெளியே போக வேண்டும்.

#4 பள்ளத்தூரான் (கோத்தன்பர்க்)

இங்கே படகு யார்டில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இதே வேலைதான். அந்தக் கையேடு எதற்காக எழுதப்பட்டது என்று சொல்கிறேன், எதை விடலாம் என்று அதிலிருந்தே தெரியும்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பிளாக்கில் சிக்கிய தண்ணீர் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் தெறித்து பிளாக்கைக் காப்பாற்றும் என்பது நம்பிக்கை மட்டும்தான்; அது மணல் வார்ப்பு ஓட்டையை அடைக்க வைத்தது. அதனால் இங்கே முதலில் எஞ்சினைச் சூடேற்றி தெர்மோஸ்டாட்டை (சூட்டில் தானாகத் திறக்கும் வால்வு) திறக்க வைப்போம். மூடிய தெர்மோஸ்டாட்டோடு ஊற்றினால் திரவம் பைபாஸ் வழியாகச் சுற்றி வெளியே போய்விடும், பிளாக்குக்குள் பழைய தண்ணீரே நிற்கும். புகைக்குழாயில் கலர் தண்ணீர் வந்ததைப் பார்த்து வேலை முடிந்தது என்று போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க வடித்து, அதன் பின்தான் புரோப்பிலீன் கிளைகால் திரவம். வடிக்காமல் ஊற்றினால் உள்ளே நிற்கும் தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடும். கடைசியில் வெளியே வருவதை ஒரு சொட்டு எடுத்து ரெஃப்ராக்டோமீட்டரில் (திரவத்தின் செறிவைக் காட்டும் கருவி) பார்ப்போம்.

உங்களுக்கு உறைநிலைக் கணக்கு வேண்டாம். ஆனால் சூடேற்று, கழுவு, வடி, இம்பெல்லர் கழற்று, புகைவாயை அடை என்ற வரிசை அப்படியே பொருந்தும். திரவத்தில் வேண்டியது அதன் துருத்தடுப்பு மட்டும். இங்கே கடைகளில் விற்கும் மலிவான இளஞ்சிவப்புத் திரவத்தில் சிலவற்றில் துருத்தடுப்பே போதாது. அதை இங்கிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி வாங்கி வரச் சொல்ல வேண்டாம், அங்கே கிடைக்கும் நல்ல எஞ்சின் கூலன்ட் அதைவிட மேல்.

#5 ரஸ்தா மோட்டார்

நன்றி அண்ணே, சார். கழுவ எவ்வளவு தண்ணி? கோட்டைப்பட்டினத்தில் குழாய்த் தண்ணியே உவர்ப்பு. பெரிய எஞ்சின் ஐடிலிலேயே 200 லிட்டர் பேரலைச் சில நிமிஷத்தில் உறிஞ்சிடும்.

#6 புதுவயல் லேத்

மூணு பேரல் போதும் தம்பி, 600 லிட்டர். சிக்கனமா செய்ற வழி இருக்கு.

சீகாக்கை மூடு. சீகாக்குக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் (கடல் தண்ணியை வடிகட்டுறது) நடுவுல இருக்கிற ஹோஸைக் கழட்டி பேரல்ல விடு. ஸ்ட்ரெய்னர் கூடையை முதல்லயே கழுவிப் போட்டுடு, இல்லன்னா அதுல இருக்கிற சிப்பியும் பாசியும் எக்ஸ்சேஞ்சர் வாயில போய் உக்காரும். முதல் பேரல் வெளியே போகட்டும், அது உள்ள இருக்கிற கடல் தண்ணியைத் தள்ளிடும். ரெண்டாவது பேரலுக்கு, வெளியே தண்ணி கொட்டுற வாய்ல ஒரு ஹோஸ் மாட்டி திரும்ப பேரலுக்கே விட்டுடு. 10 நிமிஷம் சுத்தவிடு. எக்ஸ்சேஞ்சர் சூட்டுல பேரல் தண்ணி வெதுவெதுன்னு ஆகும், கெட்டியா ஒட்டின உப்பு அப்பத்தான் கரையும். டெம்பரேச்சர் முள்ளுல ஒரு கண்ணு இருக்கட்டும். மூணாவது பேரலை வெளியே விட்டு முடிச்சுக்கோ.

தண்ணிக்கு ஊரணித் தண்ணி நல்லது. மழைத்தண்ணி, உப்பு கம்மி. கலங்கலா இருக்கும், வேட்டித்துணி ரெண்டு மடிப்புல வடிகட்டிக்கோ. குடிக்கிற ஊரணில கேக்காம மோட்டாரைப் போட்டுறாதே, ஊர்ல வாங்கிக் கட்டிக்குவே. பழைய செட்டிநாட்டு வீட்டுல முற்றத்துத் தண்ணி தொட்டி இருந்தா அதுவும் சரி.

சின்ன எஞ்சினுக்கு ஒரு பேரலே தாராளம். ஆனா ஈரப் புகைக்குழாய்ங்கிறதால ஒண்ணு கவனி: பைப்பை நேரா எஞ்சின் வாய்ல மாட்டித் திறந்து விடவே கூடாது.

#7 பள்ளத்தூரான் (கோத்தன்பர்க்)

லேத் அண்ணன் கடைசியில் சொன்னதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரியாது. எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்தத்தோடு தண்ணீர் விட்டால் அது பம்பின் இடுக்கு வழியாகக் கடந்து புகைக்குழாய்க்குப் போகும். தள்ளிவிடப் புகை இல்லாததால் புகைக்குழாய் வழியில் தண்ணீர் தேங்கும் வாட்டர்லாக் பெட்டி நிரம்பும். நிரம்பினதும் தண்ணீர் மேனிஃபோல்டு வழியாகத் திரும்பி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்து ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பேரலில் ஹோஸை விட்டு எஞ்சினே இழுத்துக்கொள்ளட்டும். அதற்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும்.

ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் கிராங்க் செய்தாலும் இதே விபத்து. பம்ப் சுற்றும், புகை இருக்காது. ஸ்டார்ட் பிடிக்கவில்லை என்றால் ஹோஸைப் பேரலிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு கோளாறைத் தேடுங்கள்.

#8 அரிப்பியல்

கழுவியது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு கை டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) வாங்கிக்கொள்ளுங்கள், ஆர்ஓ மெஷின்காரர்களிடம் இருக்கும் அதே கருவி. பேரல் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பேரல் முடியும்போது வெளியே வருவதை அளங்கள். வித்தியாசம் 200க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் இன்னொரு பேரல். கடல்நீர் அந்த மீட்டரின் அளவெல்லையைத் தாண்டியது, எர்ரர் காட்டும். மீட்டர் பழுது என்று தூக்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று, நல்ல தண்ணீர்ச் சுற்றுக்கு ஊரணித் தண்ணீரும் வேண்டாம், போர் தண்ணீரும் வேண்டாம். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க ருசிதான், ஆனால் கூலன்ட்டோடு கலக்க பேட்டரிக்கு ஊற்றும் டீமினரலைஸ்டு தண்ணீர்தான் சரி. சுண்ணாம்பும் குளோரைடும் கலந்த தண்ணீர் துருத்தடுப்பு மருந்தைப் பாதியிலேயே தின்றுவிடும்.

#9 கோட்டைக்கரை

சூடேத்தி தெர்மோஸ்டாட்டைத் திறக்க வைன்னு சொல்றீங்க. எங்க பக்கம் முக்கால்வாசி எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டே கிடையாது. கழட்டிப் போட்டாச்சு. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? உள்ள ரேடியேட்டர் தண்ணி மட்டும் பச்சைத் தண்ணிதான், கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு.

#10 கானாடுகாத்தான் ஜென்செட்

ரெண்டுக்கும் பதில் சொல்லணும்ணே, கோவிச்சுக்காதீங்க.

தெர்மோஸ்டாட் எஞ்சினை சூடாக்க வைக்கிறது இல்லை. ஒரு அளவுக்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்த வைக்கிறது. எக்ஸ்சேஞ்சர் வைத்த எஞ்சினில் சுமார் 80 டிகிரி. கழற்றிவிட்டால் லேசான லோடில் எஞ்சின் 50, 55லேயே ஓடும். அந்தக் குளிர்ச்சியில் சிலிண்டர் சுவரில் ஈரம் படியும், டீசல் முழுசா எரியாது, எஞ்சின் ஆயில் கூழாகும், லைனர் தேய்மானம் எகிறும். இன்னொன்று, பல எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வாயை அடைக்கும்படி வடிவமைத்திருப்பான். அந்த வகையில் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும்; பாதித் தண்ணி எக்ஸ்சேஞ்சருக்கே போகாமல் சுற்றும். ஃபுல் லோடில் சூடேறுதுன்னு நீங்க கழற்றினதே சூடேறக் காரணமாகிடும். சந்தேகம் இருந்தா ஒரு பாத்திரத்துத் தண்ணியில் தெர்மோமீட்டரோட அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மெதுவா சூடேற்றுங்க. எத்தனை டிகிரியில் திறக்குதுன்னு அதன் மேலேயே அச்சடிச்சிருப்பான். அந்த அளவில் திறந்தா நல்ல பீஸ்.

நேரடிக் கடல் தண்ணி எஞ்சினில் கணக்கு வேறே. அதில் 50 முதல் 60 டிகிரிக்குள் வைத்திருப்பான். 60க்கு மேல் போனால் கடல் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து கல்லாகப் படியும். ரஸ்தா தம்பி, அந்தச் சின்ன எஞ்சினுக்கு வேற எஞ்சினோட 80 டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போட்டுடாதீங்க.

கூலன்ட் விஷயம். ஈர லைனர் (வெளிப்பக்கம் நேராகத் தண்ணி படும் சிலிண்டர் உறை) வைத்த டீசலில் ஒவ்வொரு எரிப்புக்கும் லைனர் அதிரும். அதிர்வில் தண்ணிப்பக்கம் குமிழி உண்டாகி உடையும், உடையும் இடத்தில் இரும்பு கொத்தப்படும். பச்சைத் தண்ணி மட்டும் இருந்தா இந்தக் கொத்தல் வருஷக்கணக்கில் லைனரைத் துளைத்து, தண்ணி ஆயிலுக்குள் வரும். கூலன்ட்டில் இருக்கும் மருந்து லைனர் மேல் ஒரு படலம் போட்டு அதைத் தடுக்கும். நம்ம ஊருக்கு 50 சதவீதம் அவசியமில்லை. கிளைகால் கூடக்கூட வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு போகும் திறன் குறையும். 33 முதல் 40 சதவீதம் போதும். 30க்குக் கீழே போகக்கூடாது, மருந்து நீர்த்துப்போகும். எஞ்சினைப் பொறுத்து மொத்தம் 20, 30 லிட்டர் பிடிக்கும். முதலில் வடித்ததை அளந்து பாருங்க, கையேடு சொல்லும் அளவை விடக் குறைவா வடிஞ்சிருந்தா பிளாக்கில் இன்னும் நிக்குதுன்னு அர்த்தம். வடிகால் காக் வாயில் சகதி அடைச்சிருக்கும். கம்பி விட்டுக் குத்துங்க.

பச்சைக் கலர் பழைய வகையையும் ஆரஞ்சு, சிவப்பு ஆர்கானிக் வகையையும் கலக்க வேண்டாம். கலரை நம்பவும் வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டின்னில் எழுதியிருக்கிற வகையைப் படிங்க. ஏற்கெனவே என்ன இருக்குன்னு தெரியலைன்னா முழுசா வடிச்சு, வெறும் தண்ணியில் சூடேறும் வரை ஓட்டி, மறுபடி வடிச்சு, அப்புறம் புதுசு. பழைய வகை 2 வருஷம், ஆர்கானிக் 5 வருஷம் என்பது பொதுக் கணக்கு.

கிடப்பில் போடும்போது இந்தச் சுற்றை வடிச்சு வைக்காதீங்க. புதுக் கூலன்ட்டோட நிரம்பி இருக்கணும். புதுசு ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, ஆறினதும் மட்டம் பார்த்து நிரப்பி நிறுத்துங்க.

#11 புதுவயல் லேத்

கூலன்ட்டுக்குக் காசு இல்லன்னா லேத்துல ஊத்துற கரையும் கட்டிங் ஆயில் கலக்கலாம்னு ஒரு பழக்கம் இருக்கு. அந்தக் காலத்து எஞ்சினுக்கு அதைத்தான் ஊத்தினாங்க. துருவைத் தடுக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா ஹோஸ் ரப்பர் ஊதும், வாட்டர் பம்ப் சீல் போகும், சூட்டைக் கடத்துற சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு படியும். இப்ப வர்ற எஞ்சினுக்கு வேணாம்.

எக்ஸ்சேஞ்சருக்கு வரேன். ரெண்டு எண்ட் கேப்பையும் கழட்டு. குழாய்க் கட்டை வெளியே இழுக்க முடிஞ்சா இழு. ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்துல பாரு. அடைஞ்சதைக் குத்த இரும்புக் கம்பி வேண்டாம், சுவரைக் கீறிடும், கீறின இடத்துலதான் ஓட்டை விழும். தென்னை ஈர்க்கு நாலஞ்சைக் கட்டி நுழை, இல்ல நைலான் பிரஷ். எண்ட் கேப்புல உடைஞ்ச ஜிங்க் பென்சில் (மத்த உலோகத்துக்குப் பதிலா தான் அரிஞ்சு காப்பாத்துற துண்டு) துண்டும் இம்பெல்லர் ரப்பரும் கிடக்கும், பொறுக்கு.

கல்லுப் படிஞ்சிருந்தா பாத்ரூம் ஆசிட் ஊத்துற பழக்கத்தை விடு. அலுமினியம் கேப்பைத் தின்னும், சால்டரைத் தின்னும், ஜிங்க்கைக் கரைச்சுடும். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 1 கிலோ வாங்கி 15 லிட்டர் சுடுதண்ணில கரை. ஜிங்க்கை முதல்லயே கழட்டிடு. கட்டை ஒரு மணி நேரம் ஊற வை, நுரை அடங்கிட்டா எடு. தண்ணி நீலமா பச்சையா திரும்பினா செம்பே கரையுதுன்னு அர்த்தம், உடனே எடுத்துடு. அப்புறம் ஒரு வாளில 250 கிராம் ஆப்பசோடா கரைச்சு அலசு, நல்ல தண்ணில ரெண்டு தடவை அலசு.

மூடி மாட்டினப்புறம் ஒரு பக்கம் அடைச்சு 15 பிஎஸ்ஐ காத்து விட்டு தொட்டில முக்கு. குமிழி வந்தா ஓட்டை. ஒண்ணு ரெண்டு குழாய் ஓட்டைன்னா பித்தளையில கூம்பு வச்சு ரெண்டு வாயையும் அடைச்சுடலாம், லேத்துல கடைஞ்சு தர்றது பத்து நிமிஷ வேலை. மொத்தக் குழாயில பத்துல ஒண்ணுக்கு மேல அடைக்க வேண்டி வந்தா கட்டையே மாத்து.

#12 அரிப்பியல்

ஜிங்க் பென்சிலைப் பற்றி லேத் ஐயா சொன்னதோடு இரண்டு வரி. பாதி தேய்ந்ததுமே மாற்றுங்கள். முழுக்கக் கரையும் வரை விட்டால் முனை உடைந்து குழாய் வாயை அடைக்கும். திருகும் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிளக்கும் உடலும் மின்சாரத் தொடர்பில் இருந்தால்தான் ஜிங்க் வேலை செய்யும். மாட்டிய பின் மல்டிமீட்டரில் பிளக் தலைக்கும் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

நல்ல தண்ணீரில் ஜிங்க் மேல் ஒரு தோல் படிந்து அது செயலற்றுப்போகும். கழுவியதும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, திறக்கும்போது உப்புத்தாளில் தேய்த்து மாட்டுங்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் சிக்ரி (காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) கடல்சார் அரிப்பு சோதனை நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை, பாக் நீரிணைக் கரைக் காற்றே உலோகத்துக்கு அத்தனை கடுமை.

#13 ரஸ்தா மோட்டார்

இம்பெல்லர்? கழற்றத்தான் வேணுமா? 61 நாள்தானே.

#14 பள்ளத்தூரான் (கோத்தன்பர்க்)

கழற்றணும் தம்பி. பம்ப் உள்சுவரில் ஒரு பக்கம் கேம் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு மூன்று இதழ்கள் மடங்கியே நிற்கும். சூட்டில் இரண்டு மாதம் மடங்கிக் கிடந்தால் அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும். காய்ந்த ரப்பர் வெண்கலத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். முதல் ஸ்டார்ட்டில் இதழ் கிழியும்.

கவர் தட்டின் திருகுகளைக் கழற்றி, இம்பெல்லரை இழுப்பானால் எடுங்கள். இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்ப் வாய் வடுப்படும், அங்கே கேஸ்கட் நிற்காது. இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் இருக்கும், தேடி எடுக்காமல் மூடாதீர்கள். இதழின் அடியில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். கவர் தட்டின் உட்புறத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் தட்டைத் திருப்பிப் போடலாம், அல்லது லேத்தில் சமமாக்கலாம்; பள்ளமான தட்டோடு பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

பம்ப் உடலுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ச் சீல் போச்சு, ஆயில் சொட்டினால் ஆயில் சீல். ஒழுகுதென்று அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கடல் தண்ணீர் நேராகப் பேரிங்குக்கும், கியரில் ஓடும் பம்பாக இருந்தால் எஞ்சின் ஆயிலுக்கும் போகும்.

திரும்ப மாட்டும்போது கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், நியோப்ரீன் எண்ணெய் பட்டால் ஊதும். பேப்பர் கேஸ்கட் புதுசு, அதே தடிப்பு. கழற்றிய அன்றே இம்பெல்லரைச் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள், கட்டினபடி யாரும் ஸ்டார்ட் பண்ண மாட்டார்கள்.

#15 கோட்டைக்கரை

சாவியோட கட்டிட்டா வாரா வாரம் எப்படி ஸ்டார்ட் பண்றது?

#16 கானாடுகாத்தான் ஜென்செட்

பண்ண வேண்டாம்ணே. அதான் விஷயமே. 1 லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 1 லிட்டர் தண்ணி ஆவியா உண்டாகும். 5 நிமிஷம் ஓட்டினா எஞ்சின் சூடாகாது, அந்த ஈரம் சிலிண்டரிலும் புகைக்குழாயிலும் ஆயிலிலும் படிஞ்சு நிக்கும். ஒண்ணு, லோடோட 30 நிமிஷம் ஓட்டி ஆயிலே சூடாகிற வரைக்கும் கொண்டு போகணும். இல்லைன்னா தொடவே கூடாது. இறுகுமோன்னு பயந்தா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டாப் லிவரை இழுத்து வைத்துக் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையால் ரெண்டு சுற்று சுற்றுங்க, எஞ்சின் சுற்றும் திசையிலேயே. இம்பெல்லர் இல்லாததால பம்புக்கும் கேடில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் சார்ஜில் வைங்க.

#17 ரஸ்தா மோட்டார்

சரி, இப்ப தலைப்புக் கேள்வி. கழுவினதுக்கு அப்புறம் கடல் தண்ணிப் பக்கம் காலியா, நிரப்பியா?

#18 அரிப்பியல்

இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு பதில்.

6 சிலிண்டர்: கடல்நீர்ப் பக்கத்தில் இருப்பது வெண்கல பம்ப், குப்ரோ நிக்கல் குழாய்க் கட்டு, ரப்பர் ஹோஸ். இரும்பு அநேகமாக இல்லை. உப்புப் போன பிறகு இவற்றுக்குக் காலியும் காய்ந்ததுமே நல்லது. அடிமட்டப் பிளக்குகளைத் திறந்து, வளைவுகளில் நிற்பதைக் கம்ப்ரஸர் காற்றை 1 பாருக்கு மேல் போகாமல் விட்டு வெளியேற்றுங்கள். பிளக்குகளைத் திறந்தே விடுங்கள். படகு தண்ணீரில் கிடப்பதால் சீகாக் மூடியே இருக்க வேண்டும், கழற்றிய ஹோஸ் வாயில் மர ஆப்பு. ஹார்டுவேர் கடைப் பித்தளை கேட் வால்வை சீகாக்காகப் போட்டிருந்தால் இந்த 61 நாள் அதை மாற்ற நல்ல சமயம்: கடல்நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய் வெறும் செம்புப் பஞ்சு நிற்கும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் ரோஜா நிறம் தெரியும். கைப்பிடி திருப்பும்போதே முறியக்கூடிய நிலை அது.

2 சிலிண்டர்: இங்கே கடல்நீர் ஓடியது வார்ப்பிரும்பு ஜாக்கெட்டில். அதை முழுக்கக் காய வைக்க உங்களால் முடியாது. துருவின் அடியிலேயே ஈரம் நிற்கும். ஈர இரும்பும் காற்றும் சேர்வதுதான் மிக வேகமாகத் துருப்பிடிக்கும் நிலை. ஆகவே நிரப்புங்கள். கழுவி, வடித்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அந்த வாய் வழியாகவே 40 சதவீதக் கூலன்ட் கலவையைத் தளும்பும் வரை ஊற்றுங்கள். பம்ப் வழியே எதிர்த்திசையில் கசியாமல் ஹோஸைப் பிளக்கால் மூடுங்கள். ஜிங்க் இருந்த ஓட்டைக்கு வெறும் பிளக். ஜூனில் அதை ஒரு கேனில் வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம், கடலில் விட வேண்டாம். எதிலீன் கிளைகால் இனிக்கும், நாய் ஆடு நக்கினால் செத்துப்போகும். ஷெட்டில் வாளியில் திறந்து வைக்காதீர்கள்.

#19 பள்ளத்தூரான் (கோத்தன்பர்க்)

ஒத்துக்கொள்கிறேன். சின்ன எஞ்சினில் வாட்டர்லாக்கின் அடிப் பிளக்கைத் திறந்து வடியுங்கள், அதில் நிற்பது கந்தகக் கரி கலந்த அமிலத் தண்ணீர். சைஃபன் பிரேக் வால்வை (கடல் தண்ணீர் தானாக உள்ளே இழுபடாமல் காற்றை விடும் வால்வு) கழற்றி சுடுதண்ணீரில் ஊற வையுங்கள். அதில் உப்பு கட்டி திறக்காமல் போனால், படகு இறங்கிய பிறகு கடலே சைஃபனாக எஞ்சினுக்குள் வரும். புகையும் தண்ணீரும் சேரும் எல்போவைக் கழற்றி உள் துவாரத்தைப் பாருங்கள், கரியும் உப்பும் சேர்ந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தால் சுரண்டுவதைவிட மாற்றுவது மேல். புகைவாயை எண்ணெய்த் துணியால் அடைத்து, அந்தக் குறிப்பையும் சாவியிலேயே கட்டுங்கள்.

கரையேற்றிய படகில் சீகாக் திறந்தே இருக்கட்டும். உருண்டை வால்வை மூடினால் அதன் வயிற்றில் கொஞ்சம் கடல் தண்ணீர் சிறைப்படும்.

ஒரு திருத்தம்: அதே படகை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்காகக் கிடப்பில் போட்டால், முதல் எஞ்சினுக்கும் காய வைக்கும் கதை நடக்காது. காற்றிலேயே ஈரம். அப்போது எல்லாப் பிளக்கையும் மூடி, கடல்நீர்ப் பக்கத்தையும் கூலன்ட் கலவையால் நிரப்புவதே மேல்.

#20 கானாடுகாத்தான் ஜென்செட்

ஜூனில் திறக்கும்போது: இம்பெல்லர், புது கேஸ்கட், ஜிங்க், தெர்மோஸ்டாட் போட்டு எல்லாப் பிளக்கையும் மூடுங்க. ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்க, நொறுநொறுன்னு சத்தம் வந்தாலோ கல் மாதிரி இருந்தாலோ மாற்றுங்க. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஹோஸுக்கும் ரெண்டு ஸ்டீல் கிளாம்ப். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினா 10, 12 மில்லிமீட்டர் அமுங்கணும். ஸ்ட்ரெய்னரில் தண்ணி நிரப்பி மூடினா பம்ப் சீக்கிரம் பிடிக்கும்.

சீகாக்கைத் திறந்துட்டு ஸ்டார்ட். 30 விநாடிக்குள் வெளியே தண்ணி வரலைன்னா நிறுத்துங்க, வந்துடும் வந்துடும்னு பார்த்துட்டு நிக்காதீங்க. கடல் தண்ணிப் பக்கம் ஓடுதான்னு தெரிஞ்ச பிறகு, முதல் பத்து நிமிஷம் ஹெட்டர் டேங்க் (கூலன்ட் ஊற்றும் மேல் தொட்டி) மூடியைத் திறந்து வைத்து ஓட்டினா காற்று வெளியேறி மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்க. சூடான பிறகு மூடியைத் தொடாதீங்க.

#21 ரஸ்தா மோட்டார்

கியர்பாக்ஸ் ஆயில் கூலரும் இதே கடல் தண்ணி லைனில்தான் இருக்கு. அதையும் அலசணுமா, இல்ல லைன் கழுவும்போதே போயிடுமா?

#22 புதுவயல் லேத்

லைன் கழுவும்போதே உப்புப் போயிடும், ஆனா அடிப்பிளக்கைத் தனியா திறந்து வடிக்கணும், அது எக்ஸ்சேஞ்சரை விட தாழ்வா இருக்கும். அதோட கியர் ஆயில் டிப் ஸ்டிக்கைப் பாரு. மோர் நிறத்துல இருந்தா கூலர் குழாய் உள்ளுக்குள்ள ஓட்டை, கடல் தண்ணி கியருக்குள்ள வந்துட்டுது. அப்படி இருந்தா இன்னைக்கே ஆயிலை வடிச்சு, புது ஆயில் ஊத்தி கொஞ்சம் ஓட்டி, அதையும் வடிச்சு மறுபடி புதுசு ஊத்திட்டுத்தான் கிடப்புல போடணும். 61 நாள் அந்த மோரோட நின்னா பேரிங் எல்லாம் புள்ளி விழுந்துடும். கூலரைக் கழட்டி புதுவயலுக்குக் கொண்டு வா, பிரஷர் போட்டுப் பாத்துடலாம்.